காமராசர் கண்ட தேர்தல்கள்

விருதுநகர் தமிழகத்தின் தென்பால் அமைந்ததொரு வணிக நகரம். பஞ்சு, மிளகாய் வற்றல், எண்ணெய், பருப்பு முதலிய பண்டங்கள் அவ்வூர்ப் பேட்டையில் வந்து குவியும். முன்னாளில் விருதுபட்டி என வழங்கிய அவ்வூரில், 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், குமாரசாமி, சிவகாமி என்னும் இருவர்க்கும் மகனாகப் பிறந்தவர் காமராசர். அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். பன்னிரண்டாம் அகவையளவில் பள்ளிப்படிப்பை விடுத்தார். தாய்மாமனின் துணிக்கடையில் அமர்ந்து முழம் போட்டார். அங்ஙனம் முழம் போட்ட கையே பின்னாளில் ஒன்பதாண்டுகளுக்கு மேலாகத் தமிழகத்தின் ஆட்சிக்கோலைப் பற்றியது என்பது யாவரும் அறிந்ததே. அவர் எடுப்பித்த அணைகளைப் பற்றியும், திறப்பித்த பள்ளிகளைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். ஆயின், அவர் எத்தனை முறை மக்கள்முன் நின்று வாக்குக் கேட்டார், எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்னும் வரலாறு அத்துணை விரிவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. அவ்வரலாற்றினூடே நம் நாட்டுக் குடியாட்சி வளர்ந்த முறையும் விளங்கக் காணலாம்.

காமராசர் முதன்முதலாகச் சட்டமன்றம் புகுந்த ஆண்டு 1937. அக்காலத்து நாட்டை ஆண்டவர் ஆங்கிலேயர். 1935-ஆம் ஆண்டு இந்திய ஆட்சிச் சட்டத்தின்படி மாகாணங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. எனினும், இன்றுபோல் வயது வந்தோர் அனைவரும் அன்று வாக்களிக்க இயலாது. நிலவரி கட்டுவோர், வேறு வரி செலுத்துவோர், எழுத்தறிவுடையோர் முதலிய சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. உழுபவன் வயலில் நிற்க, நிலத்துக்கு உரியவன் வாக்குச்சாவடிக்குச் செல்வான். பெண்டிருள் வாக்குரிமை பெற்றோர் மிகச் சிலரே.

தேர்தல் என்றவுடன் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் எடுத்துக்காட்டுவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் பொறுப்புக்கு வரலாகாது என்று விதித்த அவ்வூரவையின் அறிவைப் போற்றத்தான் வேண்டும். ஆனால், குடத்தில் இட்ட ஓலைகளுள் ஒன்றைச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பது திருவுளச் சீட்டேயன்றி வாக்கெண்ணிக்கை ஆகாது. அன்றியும், நிலமும் மனையும் உடையார் பெயரே அக்குடத்துள் இடம்பெறும். எளியவனும் செல்வனும் ஒரேயொரு வாக்குக்கு உரியவராய் ஒரே வரிசையில் நிற்கும் முறை நமக்குப் புதியது. இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சாத்தூர்த் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராக நின்ற காமராசர் போட்டியின்றியே தேர்ந்தெடுக்கப்பெற்றார். சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு கைப்பற்றியது. இராசாசி முதலமைச்சரானார். இளைஞராகிய காமராசர் அவையில் மிகுதியாகப் பேசினாரல்லர். அவர்தம் உழைப்பெல்லாம் ஊர் ஊராகச் சென்று கட்சியை வளர்ப்பதிலேயே கழிந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்திய மக்களைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்திய ஆங்கில அரசின் செயலைக் கண்டித்து, 1939-ஆம் ஆண்டு காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின.

பொதுத்தேர்தலைவிடக் கட்சிக்குள் நடக்கும் தேர்தல் கடுமையானது. 1940-ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர் பதவிக்குக் காமராசரும் சி. பி. சுப்பையாவும் போட்டியிட்டனர். சுப்பையாவுக்கு இராசாசியின் ஆதரவு இருந்தது. காமராசரை முன்னிறுத்தியவர் தீரர் சத்தியமூர்த்தி. காமராசருக்கு 103 வாக்குகளும் சுப்பையாவுக்கு 100 வாக்குகளும் கிடைத்தன. மூன்றே வாக்குகளால் வென்று, முப்பத்தேழாம் அகவை நிரம்புமுன் தலைவரானார் காமராசர். இதன்பின் நிகழ்ந்ததே இன்னும் வியப்புக்குரியது. நான்காண்டுகளுக்கு முன் சத்தியமூர்த்தி தலைவராயிருந்தபோது அவருக்குக் கீழ்ச் செயலாளராகத் தொண்டு புரிந்தவர் காமராசர். இப்போது காமராசர் தலைவராகச் சத்தியமூர்த்தி செயலாளராக அமர்ந்தார். நாவன்மையாலும் கல்வியாலும் நாடெங்கும் புகழ்பெற்ற ஒருவர், தம்மால் வளர்க்கப்பெற்ற இளையவர்க்குக் கீழிருந்து பணிபுரிய ஒருப்படுவதென்பது எளிதன்று. காமராசரும் அந்நன்றியை இறுதிவரை மறந்தாரல்லர். 1954-இல் முதலமைச்சராகப் பதவியேற்கும் முன் அவர் நாடிச் சென்றது சத்தியமூர்த்தியின் இல்லத்தையே.

அவ்வாண்டின் இறுதியில், தனியாள் அறப்போருக்கு உரியோர் பட்டியலைக் காந்தியடிகளிடம் காட்டி ஒப்புதல் பெறுதற்காக வார்தாவுக்குப் புறப்பட்ட காமராசர், வழியில் குண்டூரில் சிறைப்படுத்தப்பெற்று வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1941-இல், விருதுநகர் நகராட்சி மன்றத்தார் அவரைத் தம் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் விடுதலைபெற்ற காமராசர் நேரே நகராட்சி மன்றத்துக்குச் சென்றார். தலைவர் இருக்கையில் அமர்ந்து கூட்டத்தை நடத்தினார். அன்றே பதவியிலிருந்து விலகினார். கட்சிப் பணியை மேற்கொண்ட தமக்கு நகராட்சிப் பணியைச் செவ்வனே ஆற்ற நேரம் இராது. முழுதும் ஆற்ற இயலாத பொறுப்பைத் தாங்கியிருத்தல் முறையன்று என்பதே அவர் கருத்து. நகராட்சித் தலைவர் பதவி அக்காலத்தில் செல்வரும் விரும்பிப் போட்டியிட்ட பதவி என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இச்செயலின் அருமை புலனாகும்.

1942-ஆம் ஆண்டு ஆகத்துப் புரட்சியின்போது மீண்டும் சிறை சென்று, 1945-இல் வெளிவந்தார். அடுத்த ஆண்டு மீண்டும் சட்டசபை உறுப்பினரானார். நாட்டுக்கு அரசியலமைப்பை வகுத்த மன்றத்திலும் ஓர் உறுப்பினராக வீற்றிருந்தார். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராசா என மூவர் அடுத்தடுத்து முதலமைச்சராயினர். பின்னவர் இருவரையும் அமர்த்தியதில் காமராசரின் கை இருந்தது. ஆயினும் அவர் தமக்கென ஓர் அமைச்சர் பதவியையும் அந்நாளில் நாடினாரல்லர்.

விடுதலைபெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1952-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் நடைபெற்றது. இருபத்தோர் அகவை நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவரும் அப்போது வாக்குரிமை பெற்றனர். (பதினெட்டு அகவை என வரம்பு குறைக்கப்பட்டது 1989-இல்.) எழுத்தறியாதார் மிகுந்திருந்த நாட்டில் தேர்தலை எப்படி நடத்துவது என்பது பெருங்கேள்வியாக இருந்தது. அதற்குக் கண்ட வழியே சின்னம். ஒவ்வொரு வேட்பாளர்க்கும் ஒவ்வொரு பெட்டி. பெட்டியின்மேல் அவர்தம் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். மறைப்புக்குள் செல்லும் வாக்காளர், தம் கையிலுள்ள சீட்டில் ஒன்றும் எழுதாமல், தாம் விரும்பிய பெட்டியில் அதனை இடுவர். காங்கிரசுக்கு உரிய சின்னம் நுகம் பூண்ட இரட்டைக் காளைகள். உழவர் நிறைந்த நாட்டில் அச்சின்னமே பாதி வேலையைச் செய்துவிட்டது எனலாம்.

அத்தேர்தலில் காமராசர் சட்டசபைக்கு நிற்கவில்லை. திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றுத் தில்லி சென்றார். சென்னை மாநிலத்திலோ காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. 375 இடங்களுள் 152 இடங்களே அதற்குக் கிடைத்தன. பொதுவுடைமைக் கட்சியினர் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் வென்றனர். இந்நெருக்கடியில் கட்சிக்காரர் இராசாசியை அழைத்தனர். அவர் தேர்தலில் நின்றவரல்லர். ஆளுநர் அவரைச் சட்டமேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார். அதன்பின் அவர் முதலமைச்சரானார். அரசியல் சட்டத்தின் சொற்படி இதில் குற்றமில்லை. எனினும், கலைஞர்க்கும் அறிஞர்க்கும் சமூகத் தொண்டர்க்கும் என வகுத்த நியமன இடத்தின் வழியே ஒருவர் ஆட்சித் தலைமை ஏறுவது குடியாட்சியின் உள்ளக்கருத்துக்கு ஒத்ததா என்னும் வழக்கு அன்றே எழுந்தது. பேரறிவும் தூய வாழ்வும் உடைய இராசாசிக்கு அவ்வழி தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதே நடுநின்று நோக்குவார் கருத்தாகும்.

இராசாசி 1953-இல் கொணர்ந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் பெரும்புயலை எழுப்பியது. பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியில் பாடம் பயின்று, எஞ்சிய பகுதியில் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்பது அத்திட்டம். தந்தை தொழிலே மைந்தன் தலையிலும் ஏறும் என்று கருதிய மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் மாறுபாடு முற்றியது. இராசாசி விலக முன்வந்தார். 1954-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காங்கிரசுச் சட்டமன்றக் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. காமராசருக்கு 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. ஏப்பிரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டின் வாயிலில், காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

எட்டுப் பேர் கொண்ட அவ்வமைச்சரவையில் தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆலயங்களுள் புகவும் உரிமையின்றி வாடியிருந்த மரபிற் பிறந்த பரமேசுவரனிடம் அறநிலையத் துறையை ஒப்படைத்தார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

இப்போது ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அமைச்சராயிருப்பவர் சட்டமன்றத்தின் இரு அவைகளுள் ஒன்றில் உறுப்பினராதல் வேண்டும். உறுப்பினரல்லாத ஒருவர் அமைச்சராகலாம். ஆனால் ஆறு திங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையில் இடம்பெறாவிடின் அவர் பதவி தானே நீங்கும். இந்திய அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இவ்வாறு விதிக்கிறது. காமராசரோ மக்களவை உறுப்பினர். மாநிலத்தின் எவ்வவையிலும் இடம்பெறாதவர். மேலவை வழியே நுழைதல் எளிது. முன்னவர் சென்ற வழி கண்முன் திறந்தே இருந்தது. பலர் அவ்வாறே அறிவுறுத்தியிருத்தலும் இயல்பே. காமராசர் அவ்வழியே செல்லவில்லை. மக்களிடம் நேரே சென்று வாக்குப் பெற்று வருவதே முறை எனக் கருதி, வடஆர்க்காட்டு மாவட்டத்தில் ஒழிந்திருந்த குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்றார்.

குடியாத்தம் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். காமராசர்க்கு அது பிறந்த ஊருமன்று. உறவினர் மிக்க ஊருமன்று. பொதுவுடைமைக் கட்சியினர்க்கு அப்பகுதித் தொழிலாளரிடையே செல்வாக்கு இருந்தது; அவர்களே எதிர்த்து நின்றனர். முதலமைச்சர் தோற்பாராயின் அமைச்சரவையே வீழும். ஆதலின், ஒரு தொகுதியின் இடைத்தேர்தலை மாநிலம் முழுவதும் நோக்கியிருந்தது.

அத்தேர்தலில் காங்கிரசோடு மாறுபட்டு நின்றோரும் காமராசரை ஆதரித்தது நினைவில் வைக்கத்தக்கது. 1925-இல் காங்கிரசை விட்டு நீங்கியது முதல் அக்கட்சியைக் கடுமையாகச் சாடிவந்தவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. அவர் காமராசர்க்கு ஆதரவு திரட்டினார். அறிஞர் அண்ணாதுரையின் தலைமையில் இயங்கிய திராவிட முன்னேற்றக் கழகமும் வேட்பாளரை நிறுத்தாது துணைநின்றது. குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராடிய அவர்கள், அத்திட்டத்தை நீக்கியவர் தோற்றலாகாது என எண்ணினர். கட்சி வேறு, காரியம் வேறு எனப் பகுத்துணர்ந்த அப்பண்பு பின்னாளில் அரிதாயிற்று. ஆங்கிலப் பட்டம் பெறாத ஒருவர் ஆட்சி நடத்துதல் கூடுமோ என்று ஏளனம் பேசியவரும் அக்காலத்தில் இருந்தனர். நெசவாளரும் உழவரும் நிறைந்த குடியாத்தம் மக்கள் அக்கேள்விக்குப் பெட்டியின் வழியே விடை கூறினர். காமராசர் பெருவெற்றி பெற்றார். மக்கள் ஆணையோடு பேரவை புகுந்தார்.

அடுத்த இரு பொதுத்தேர்தல்களிலும் அவர் தம் பழைய சாத்தூர்த் தொகுதிக்கே திரும்பினார். 1957-இல் காங்கிரசு 205 இடங்களுள் 151 இடங்களையும், 1962-இல் 206 இடங்களுள் 139 இடங்களையும் பெற்றது. காமராசர் இருமுறையும் சாத்தூரில் வென்றார். இவ்விரு தேர்தல்களுக்கும் இடையே வாக்களிக்கும் முறை மாறியது. வேட்பாளர்க்கு ஒரு பெட்டி என்பது போய், எல்லாச் சின்னங்களும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரையிட்டு ஒரே பெட்டியில் இடும் முறை வந்தது. பழைய முறையில் சீட்டைப் பெட்டிக்குள் இடாமல் மடியில் மறைத்து எடுத்துவந்து பிறரிடம் கொடுக்க இடமிருந்தது. புதிய முறை அதனை ஒருவாறு தடுத்தது.

அவ்வொன்பது ஆண்டுகளின் பணிகளை இங்கு விரித்தல் வேண்டா. 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பள்ளிச் சிறார்க்கு நண்பகல் உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதும், கட்டணமில்லாக் கல்வி விரிந்ததும், மணிமுத்தாறு, அமராவதி, சாத்தனூர், வைகை, கிருட்டிணகிரி முதலிய இடங்களில் அணைகள் எழுந்ததும் பலகாலும் சொல்லப்பட்டவை. ஆயின், தேர்தல் கணக்கைக் கூர்ந்து நோக்குவோர் கண்ணுக்கு வேறொன்று தெரியும். 1957-இல் 15 இடங்கள் பெற்ற திராவிட முன்னேற்றக் கழகம் 1962-இல் 50 இடங்கள் பெற்றது. காற்று எத்திசையில் வீசத் தொடங்கியது என்பதற்கு அதுவே சான்று.

காமராசர் அக்காற்றை உணராதவரல்லர். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு திட்டத்தை நேருவிடம் கூறினார். கூறியதோடு நில்லாது, 1963-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். பக்தவத்சலம் முதலமைச்சரானார்; காமராசர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964-இல் நேரு மறைந்தபோது லால்பகதூர் சாத்திரியையும், 1966-இல் சாத்திரி மறைந்தபோது இந்திரா காந்தியையும் தலைமை அமைச்சராக்கியதில் அவர் பங்கு பெரிது. தாமே அப்பதவியை ஏற்கலாம் என்று சொன்னாரிடத்தும் அவர் இணங்கவில்லை.

அத்தகைய பெருநிலையில் இருந்தவர் 1967-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தாம் பிறந்த விருதுநகரில் சட்டமன்றத்துக்கு நின்றார். அவரை எதிர்த்தவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த பெ. சீனிவாசன் என்னும் இளைஞர். 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக விளங்கியவர். தேர்தலுக்குச் சின்னாள் முன்பு மோட்டார் விபத்தில் காயமுற்ற காமராசர் தொகுதியை நன்கு சுற்றிவர இயலவில்லை. வாக்குகளை எண்ணியபோது சீனிவாசனுக்கு 33,421 வாக்குகளும் காமராசருக்கு 32,136 வாக்குகளும் இருந்தன. வேறுபாடு 1,285. சீனிவாசனுக்கு வாக்களித்தோருள் 643 பேர் மனம் மாறியிருப்பின் முடிவே மாறியிருக்கும். ஓர் ஊரின் இரண்டு தெருக்களில் வாழும் மக்கள்தொகை அது.

ஏன் தோற்றார்? இதற்குப் பலர் பலவாறு விடை கூறுவர். நன்றி மறந்தனர் மக்கள் என்று வைதவரும் உண்டு. அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. அரிசி கிடைப்பது அரிதாயிற்று. பங்கீட்டுக் கடை வாயிலில் தாய்மார் கால்கடுக்க நின்றனர். உலை கொதிக்கும்போது அரிசியின்றி நிற்பவளிடம் அணையின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. இந்தியைப் புகுத்துவர் என்னும் அச்சமும், மாணவர் போராட்டத்தை அரசு அடக்கிய முறையும் இளைஞர் உள்ளத்தைக் காங்கிரசினின்று பிரித்துவிட்டன. காமராசர் அப்போது முதலமைச்சரல்லர். எனினும் ஆளுங்கட்சியின் தலைவர் என்ற முறையில் அக்குறைகள் அவர் தலைமேலும் விழுந்தன. அன்றியும், 1962-இல் சிதறி நின்ற எதிர்க்கட்சிகள் இம்முறை தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாக நின்றன. தம்மோடு நெடுநாள் மாறுபட்ட இராசாசி தொடங்கிய சுதந்திரக் கட்சியும் அவ்வணியில் இருந்தது.

இவ்வணிசேர்தலின் ஆற்றலை ஒரு கணக்கால் உணரலாம். அத்தேர்தலில் காங்கிரசு பெற்ற வாக்குகள் நூற்றுக்கு ஏறக்குறைய 41. திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றவை அதனினும் ஒருசிறிது குறைவே. ஆயினும் 234 இடங்களுள் கழகம் 137 இடங்களில் வென்றது. காங்கிரசுக்கு ஐம்பதளவே கிடைத்தன. காங்கிரசு ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் நின்று தன் வாக்குகளைப் பரப்பியது. கழகம் 174 தொகுதிகளில் மட்டும் நின்று, ஏனையவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. ஒரு தொகுதியில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவரே வென்றவர் என்னும் முறையில், நாடு முழுதும் எத்தனை வாக்கு என்பதினும் எங்கே எத்தனை வாக்கு என்பதே முடிவைச் செய்யும். முதலமைச்சர் பக்தவத்சலமும் தம் தொகுதியில் தோல்வியுற்றார்.

காமராசர் தோற்றார் என்னும் செய்தியைக் கேட்டு வெற்றிபெற்ற கழகத்தின் தலைவராகிய அண்ணாதுரையே வருந்தினார். காமராசரோ மக்கள் அளித்த தீர்ப்பு அது என ஏற்று அமைந்தார். வாக்குப்பெட்டியின்மேல் பழி கூறவில்லை; வழக்கு மன்றத்தையும் நாடவில்லை. மேலவை வழியாகவோ மாநிலங்களவை வழியாகவோ அவை புகுதல் அவர்க்கு அரிதன்று. 1954-இல் கொண்ட கொள்கையை இப்போதும் கைவிடாது, ஏறக்குறைய இரண்டாண்டுக்காலம் எவ்வவையிலும் இடமின்றி இருந்தார்.

1968-ஆம் ஆண்டு சூன் திங்களில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி உறுப்பினர் நேசமணி மறைந்தார். திருவிதாங்கூரின் தென்பகுதித் தமிழ் வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று நடந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது முதலமைச்சராயிருந்தவர் காமராசர். அவ்வகையில் அம்மண்ணுக்கு அவர் முற்றும் அயலாரல்லர். 1969-ஆம் ஆண்டு சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் அங்கே நின்றார். சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த டாக்டர் மத்தியாசு, ஆளுங்கட்சியாகிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆதரவோடு எதிர்த்து நின்றார்.

ஈராண்டுக்கு முன் சொந்த ஊரில் தோற்றவர் இங்கும் தோற்பாராயின் அவர்தம் பொதுவாழ்வு முடிந்தது என்றே பலரும் கருதியிருப்பர். ஆதலின் காமராசர் ஊர் ஊராக நடந்தார். நெல்வயல் சூழ்ந்த சிற்றூர்களிலும் கடற்கரை மீனவர் குப்பங்களிலும் ஆதரவு பெருகியது. காமராசர் 2,49,437 வாக்குகள் பெற்றார். மத்தியாசு 1,21,236 வாக்குகள் பெற்றார். 1,285 வாக்குகளால் வீழ்ந்தவர் 1,28,201 வாக்குகளால் எழுந்தார். இரு தேர்தல்களிலும் நின்றவர் ஒருவரே. அவர் குணமும் தொண்டும் ஈராண்டில் மாறிவிடவில்லை. மாறியவை காலமும் களமுமே.

1969-ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. இந்திரா காந்தியைத் தலைமை அமைச்சராக்கிய காமராசர் இப்போது அவருக்கு எதிரணியில், பழைய காங்கிரசில் நின்றார். 1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் முப்பதாண்டுகளாக மாறுபட்டிருந்த இராசாசியும் காமராசரும் ஒரே மேடையில் ஏறி வாக்குக் கேட்டனர். நாடு அக்காட்சியைக் கண்டு வியந்தது, ஆனால் வாக்களிக்கவில்லை. திராவிட முன்னேற்றக் கழகம் 184 சட்டமன்றத் தொகுதிகளில் வென்றது. பழைய காங்கிரசுக்குச் சட்டமன்றத்தில் கிடைத்தவை 15 இடங்கள். மக்களவைக்கோ, தமிழகத்தின் 39 தொகுதிகளுள் அக்கட்சி வென்றது ஒன்றே ஒன்று. அது நாகர்கோவில், வென்றவர் காமராசர்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளன்று, சென்னையில் தம் இல்லத்தில் காமராசர் உயிர் நீத்தார். முதலமைச்சர் பதவியைத் துறந்து அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்நாளிலும் அவர் நாகர்கோவில் மக்களின் உறுப்பினராகவே இருந்தார்.